கொரியர்களோடு அமர்ந்து குளிர்கால ஒலிம்பிக் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் தென் கொரியாவுக்கு வந்து சேரும் தமிழர்கள், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரி மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது மட்டுமே என்று நினைத்திருந்த ஊரில் பிறந்து, டேஜான் நகரின் ஆய்வகம் ஒன்றில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்பதைத் தவிர, இவற்றுக்கு விடை சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

குளிர்கால ஒலிம்பிக்கில் எத்தனையோ போட்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. கொரியர்களின் மனம் மலைச்சரிவில் இல்லை, ஸ்கேட்டிங் அரங்கில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு முன்பு வரை அந்த நாடு வென்ற குளிர்கால ஒலிம்பிக் பதக்கங்கள் அனைத்தும் ஸ்கேட்டிங் காலணி அணிந்தவர்கள் வென்றவையே. பெய்ஜிங்கில் 2022இல் நடந்த போட்டிகள் முடிந்தபோது கொரியாவின் கணக்கில் 33 தங்கங்கள் இருந்தன. அவற்றில் 26 ஷார்ட் டிராக் என்னும் ஒரே ஒரு விளையாட்டில் வந்தவை. ஆகவே ஷார்ட் டிராக்கை நன்றாகவும், பனியில் இசைக்கு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கை ஓரளவும், பனித்தளத்தில் கல்லை நகரவிட்டு அதன் முன்னால் பெருக்கிக்கொண்டே போகும் கர்லிங்கைப் பேச்சில் கலந்துகொள்ளும் அளவுக்கும் தெரிந்து வைத்திருந்தால் போதும். மலையிலிருந்து பறந்து குதிப்பவர்களைப் பார்த்து நாம் வாய் பிளக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் கோழி வறுவலுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஷார்ட் டிராக் என்றால் என்ன? ஏன் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள்?

ஐஸ் ஹாக்கி ஆடும் அளவுள்ள தளத்தில், ஒரு சுற்று 111.12 மீட்டர் வரும் சிறிய நீள்வட்டத்தில், நான்கைந்து பேரோ அதற்கு மேலோ ஒன்றாகப் புறப்பட்டு ஓடுவதுதான் ஷார்ட் டிராக். 500 மீட்டர் என்றால் நாலரைச் சுற்று, 1000 மீட்டர் என்றால் ஒன்பது சுற்று, 1500 மீட்டர் என்றால் பதின்மூன்றரைச் சுற்று. ஓட்டப்பந்தயத்தில் இருப்பது போல ஆளுக்கொரு தடம் கிடையாது. கடிகாரத்தோடு போட்டியும் கிடையாது. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் முதலில் வந்தவரே வென்றவர். இதனால்தான் 1500 மீட்டரின் முதல் பாதியில் எல்லோரும் கோயில் பிரகாரம் சுற்றுவது போல நிதானமாகச் செல்வதையும், கடைசி நான்கைந்து சுற்றுகளில் திடீரென்று பேய் பிடித்தவர்கள் போலப் பாய்வதையும் பார்க்கிறோம்.

வளைவுகளில் உடல் ஏறத்தாழ தளத்தைத் தொடும் அளவுக்குச் சாய்கிறது. ஊன்றிக்கொள்ள இடது கை விரல்களில் கடினமான முனைகள் பதித்த கையுறை அணிகிறார்கள். இவ்வளவு வேகத்தில், இவ்வளவு நெருக்கத்தில், கத்தி போன்ற தகடு பூட்டிய காலணிகளோடு முந்துவதற்கு இடம் தேட வேண்டும் என்பதால் மோதல் என்பது விபத்து அல்ல, இந்த விளையாட்டின் இயல்பு. முன்னால் செல்பவருக்கே வழியுரிமை, முந்துபவரே மோதலைத் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் முன்னால் செல்பவரும் வேண்டுமென்றே வழியை மறிக்கக் கூடாது. இந்த 'வேண்டுமென்றே' என்பதைக் காணொளியில் திரும்பத் திரும்பப் பார்த்து முடிவு செய்பவர் தலைமை நடுவர். ஓட்ட விதி மீறல் பற்றிய அவருடைய தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய இடமில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் மனத்தில் நிறுத்திக்கொண்டால், கொரிய ரசிகர்களின் முக்கால்வாசிக் கண்ணீருக்குக் காரணம் விளங்கிவிடும்.

முடிவுக் கோட்டில் ஏன் காலை நீட்டுகிறார்கள்?

காலணித் தகட்டின் முனை கோட்டைத் தொடுவதே கணக்கு என்பதால். 1998இல் ஜப்பானின் நகானோவில் கிம் டோங்-சுங், ஆண்கள் 1000 மீட்டர் ஓட்டத்தில் கடைசி நொடி வரை பின்தங்கியிருந்து, காலை முன்னால் தள்ளிச் சீன வீரரை வென்றார். அதே நகானோவில் பெண்கள் 1000 மீட்டரில் சுன் லீ-கியுங்கும் அப்படியே வென்றார். 'நால் நெமில்கி', அதாவது தகட்டை நீட்டுதல் என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு. பள்ளிக்கூட நடைபாதைகளில் சிறுவர்கள் வெறும் காலால் இதைச் செய்து விழுவார்கள்.

'ஹ்யோஜா ஜோங்மோக்' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஹ்யோஜா என்றால் பெற்றோரைத் தவறாமல் காக்கும் நல்ல பிள்ளை. ஜோங்மோக் என்றால் போட்டிப் பிரிவு. வேறு எங்கிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பிவிடும் மகன் இருக்கிறான் அல்லவா, அவனைப் போலப் பதக்கம் கொண்டுவந்து சேர்க்கும் விளையாட்டு என்று பொருள். 1992இல் ஆல்பர்வில்லில் ஷார்ட் டிராக் அதிகாரபூர்வப் போட்டியாகச் சேர்க்கப்பட்ட முதல் தடவையே கிம் கி-ஹூன் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். அதுவே கொரியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம். அன்றிலிருந்து இந்தப் பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்பிய ஒலிம்பிக் ஒன்றுகூட இல்லை. இந்தப் பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல பிள்ளை ஒரு மாதம் அனுப்பத் தவறினால் வீட்டில் எழும் கேள்வி, ஊதாரிப் பிள்ளையிடம் ஒருநாளும் கேட்கப்படுவதில்லை. வெள்ளி வென்ற கொரிய வீரர்கள் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்பதை முதன்முறை பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. இந்தச் சொல்லைக் கற்ற பிறகே விளங்கியது. இப்போது அந்தப் பழக்கம் குறைந்து வருகிறது, இளைய ரசிகர்களே அதை விரும்புவதில்லை.

பதக்கத்துக்குப் பின்னால் வேறு கணக்குகளும் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் வென்றாலும் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவையின் பெரும்பகுதி விலகிவிடும். சில வாரப் பயிற்சியோடும் தன்னார்வப் பணியோடும் முடித்துக்கொள்ளலாம். தங்கம் வென்றவருக்கு மாதம் 10 லட்சம் வொன் வாழ்நாள் உதவித்தொகை கிடைக்கும். நாட்டுக்குள் நடக்கும் தேர்வுப் போட்டியில் தேறுவது ஒலிம்பிக்கில் வெல்வதைவிடக் கடினம் என்று அவர்களே சொல்வார்கள். அது பெருமைக்காகச் சொல்வது மட்டும் அல்ல.

2002 என்று சொன்னாலே ஏன் முகம் மாறுகிறது?

இதற்குச் சற்று நீண்ட விடை தேவை. 2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஆண்கள் 1500 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. கிம் டோங்-சுங் முன்னால் ஓடிக்கொண்டிருக்க, கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் அபோலோ ஓனோ முந்தப் பார்த்து, வழி மறிக்கப்பட்டது போல இரு கைகளையும் மேலே தூக்கினார். கிம் முதலில் வந்தார். தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றினார். அப்போதுதான் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தங்கம் ஓனோவுக்குப் போனது. கொடி பனித்தளத்தில் விழுந்தது. பாசாங்கு செய்து எதிராளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பதை 'ஹாலிவுட் ஆக்‌ஷன்' என்று கொரியர்கள் இன்றும் சொல்வதைக் கேட்பீர்கள். அந்தச் சொல் நாடெங்கும் எல்லோர் வாயிலும் புகுந்தது அந்த நாளால்தான்.

நான்கு மாதம் கழித்துக் கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. ஜூன் 10 அன்று டேகு நகரில் அமெரிக்காவுக்கு எதிராக ஆன் ஜங்-ஹ்வான் தலையால் முட்டிக் கோல் போட்டுச் சமன் செய்தார். உடனே மூலைக்கு ஓடி, புல்தரையில் ஸ்கேட்டிங் செய்வது போல ஆடிக் காட்டினார். உடன் விளையாடிய லீ சுன்-சூ, ஓனோ போலக் கைகளைத் தூக்கி நடித்தார். கால்பந்து மைதானத்தில் ஸ்கேட்டிங் பழி தீர்க்கப்பட்டதை அங்கே இருந்த ஒவ்வொருவரும் விளக்கம் இல்லாமலே புரிந்துகொண்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கொரியச் சொல் உதவும்: 'ஒகுல்'. தவறு செய்யாதவன்மீது தண்டனை விழுந்து, எடுத்துச் சொல்லவும் இடமில்லாமல் நிற்கும் ஆற்றாமை அது. 'வயிறு எரிகிறது' என்று நாம் சொல்வது அதற்கு அருகில் வரும். ஆனாலும் வயிற்றெரிச்சலில் பொறாமையும் கலந்துவிடும், ஒகுலில் அது இல்லை. ஷார்ட் டிராக் பார்க்கும் கொரியர் வெற்றிக்காக மட்டும் காத்திருப்பதில்லை. அந்த ஒகுல் எப்போது மறுபடி வந்து விழுமோ என்ற அச்சத்தோடும் காத்திருக்கிறார். வென்றவர் கோட்டைக் கடந்த பிறகும் ஒருவரும் எழுந்து குதிக்காமல், நடுவர் காணொளி பார்த்து முடிக்கும் வரை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தால் இது தெரியும்.

அதன் பிறகும் அப்படி நடந்ததா?

நடந்தது. 2010இல் வான்கூவரில் பெண்கள் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கொரியா முதலில் வந்தும் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. தங்கம் சீனாவுக்குப் போனது. அதற்கு முந்தைய நான்கு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து கொரியா வென்ற பிரிவு அது. தீர்ப்பு வழங்கிய தலைமை நடுவர், 2002இல் தீர்ப்பு வழங்கிய அதே ஆஸ்திரேலியர் ஜேம்ஸ் ஹியூயிஷ். அவர் பெயரைக் கொரியாவில் டாக்சி ஓட்டுநர்கூடச் சொல்வார்.

2022 பிப்ரவரி 7 அன்று பெய்ஜிங்கில் ஆண்கள் 1000 மீட்டர் அரையிறுதியில் ஹ்வாங் டே-ஹியோன், லீ ஜுன்-சியோ இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். இறுதியில் முதலில் வந்த ஹங்கேரி வீரரும் தண்டிக்கப்பட்டு, தங்கம் சீன வீரர் ரென் ஸிவேய்க்குக் கிடைத்தது. அன்று இரவு எங்கள் ஆய்வகத்தில் வேலை எதுவும் நடக்கவில்லை. தொடக்க விழாவில் கொரிய மரபு உடையான ஹான்போக்கைச் சீனாவின் சிறுபான்மை இனத்தவர் உடைகளில் ஒன்றாகக் காட்டியது பற்றிய மனக்கசப்பு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்ததால், அது வெறும் ஓட்டப்பந்தயப் பேச்சாக நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஹ்வாங் 1500 மீட்டரில் பல சுற்றுகள் மீதமிருக்கும்போதே முன்னால் போய், யாரும் தொட வழியில்லாமல் ஓடித் தங்கம் வென்றார். எவரையும் உரசாமல் வெல்வதுதான் நடுவருக்கு அவர் சொன்ன விடை என்று என் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்.

அப்படியானால் கொரியர்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள்தானா? உங்கள் கருத்து என்ன?

இல்லை. ஸ்பீடு ஸ்கேட்டிங் என்பது நீண்ட தடத்தில், ஆளுக்கொரு தடமாக, கடிகாரத்தோடு போட்டியிடுவது. 2010இல் அதன் 10,000 மீட்டர் பிரிவில் லீ சுங்-ஹூனுக்குத் தங்கம் கிடைத்தது, அவரைவிட வேகமாக ஓடிய நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் பயிற்சியாளர் காட்டிய தவறான தடத்தில் புகுந்து தகுதியிழந்ததால். 2018இல் பெண்கள் தொடர் ஓட்டத்தின் இறுதியில் சீனா, கனடா இரண்டும் தண்டிக்கப்பட்டன, தங்கம் கொரியாவுக்கு. 2010 ஆண்கள் 1500 மீட்டரில் மூன்று பதக்கங்களும் கொரியாவுக்கு என்ற நிலையில் கடைசி வளைவில் இரண்டு கொரிய வீரர்கள் தங்களுக்குள்ளேயே மோதி விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஓனோ வெள்ளியைப் பெற்றுக்கொண்டார். இவை எதுவும் மேசையில் முதலில் பேசப்படுவதில்லை. நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகரும் தமக்குச் சாதகமான நடுவர் தீர்ப்புகளைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்பதால், நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

என் கருத்தைக் கேட்டால், 2002 தீர்ப்பு கடுமையானது. 2022 தீர்ப்புகள் ஐயத்துக்கு உரியவை. 2010 தொடர் ஓட்டத் தீர்ப்பில் நடுவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

'இது அநியாயம்தானே?' என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்வது?

துக்க வீட்டுக்குப் போனவர் இறந்தவரின் கடன் கணக்கைப் பேசுவதில்லை. அந்த இரவில் 'மிகவும் வருத்தமாக இருக்கிறது' என்று சொன்னால் போதும்; அது பொய்யும் அல்ல. 'வெறும் விளையாட்டுதானே' என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த மூன்று நாள் மதிய உணவைத் தனியாக உண்டேன். மறுவாரம் சூடு ஆறிய பிறகு விதியைப் பற்றி நிதானமாகப் பேசலாம். அப்போது உங்களைவிடக் கடுமையாகத் தங்கள் நாட்டு ஸ்கேட்டிங் கூட்டமைப்பைக் குறை சொல்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். தேர்வுக் குழுக்களுக்குள் இருந்த கோஷ்டிச் சண்டை, 2006இல் மூன்று தங்கம் வென்ற ஆன் ஹ்யோன்-சூ ரஷ்யக் குடியுரிமை பெற்று விக்டர் ஆன் என்ற பெயரில் 2014 சோச்சியில் மீண்டும் மூன்று தங்கம் வென்றது, ஒலிம்பிக் தங்கம் வென்ற வீராங்கனை ஒருவர் தம் பயிற்சியாளரின் வன்கொடுமைகளை 2019இல் வெளியே சொன்னது, அந்தப் பயிற்சியாளர் சிறை சென்றது என்று பேச்சு நீளும். 2019க்குப் பிறகு ஷார்ட் டிராக் பார்ப்பதையே நிறுத்திவிட்ட தோழி ஒருவர் எனக்கு உண்டு. அவரைப் பார்க்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை.

கிம் யுனா பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அவருக்கு முன்பு ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கொரியாவுக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2010 வான்கூவரில் அவர் 228.56 புள்ளிகளோடு அப்போதைய உலகச் சாதனை படைத்துத் தங்கம் வென்றார். அவர் இறுதி ஆட்டம் ஆடியபோது கொரியாவில் வெள்ளிக்கிழமை நண்பகல் தாண்டிய நேரம். அலுவலகங்களிலும் ரயில் நிலையத் தொலைக்காட்சிகளின் முன்னாலும் நாடே நின்றது என்று அப்போது இங்கிருந்த மூத்தவர்கள் சொல்வார்கள். வெள்ளி வென்ற ஜப்பானின் மாவோ அசாடாவும் அவரும் 1990 செப்டம்பரில் இருபது நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். சிறு வயதிலிருந்தே ஒருவருக்கொருவர் போட்டி.

2014 சோச்சியில் கடைசி ஆளாக வந்து, பிழையின்றி ஆடி, 219.11 புள்ளிகளோடு வெள்ளி பெற்றார். 224.59 புள்ளிகளோடு தங்கம் போட்டியை நடத்திய ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவாவுக்குக் கிடைத்தது. கொரியாவில் அப்போது விடியற்காலை நான்கு மணி ஆகவில்லை. மறு ஆய்வு கேட்ட இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். யுனா மட்டும் புன்னகையோடு பதக்கத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொரியர்கள் அவரை ராணி என்று அழைப்பதற்கு 2010 தங்கத்தைவிட 2014 புன்னகையே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2018இல் கொரியாவின் பியோங்சாங்கிலேயே நடந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியவரும் அவரே. அவரைப் பற்றி மேசையில் ஒரு குறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், பில் கட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

கர்லிங் பார்க்கும்போது ஏன் எல்லோரும் 'யோங்-மி!' என்று கத்துகிறார்கள்?

2018இல் கொரியப் பெண்கள் கர்லிங் அணியின் ஐவருக்கும் குடும்பப் பெயர் கிம். அவர்களில் நால்வர் பூண்டுக்குப் பெயர்பெற்ற உய்சோங் என்னும் சிறு வட்டாரத்தில் கர்லிங் கற்றவர்கள். பள்ளித் தோழிகளும் அக்காள் தங்கையும் சேர்ந்த அணி அது. தலைவி கிம் உன்-ஜுங், வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் கல் போன்ற முகத்தோடு, ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள கருங்கல்லை நகர விட்டுவிட்டு, பெருக்குபவரான கிம் யோங்-மியின் பெயரை உரக்கக் கூப்பிடுவார். நீட்டிக் கூப்பிட்டால் ஒரு பொருள், அடுக்கடுக்காகக் கூப்பிட்டால் வேறொரு பொருள். பெருக்கு, இன்னும் வேகமாகப் பெருக்கு, நிறுத்து என்பதெல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடும். அரையிறுதியில் கூடுதல் சுற்று வரை சென்று ஜப்பானை 8–7 என்று வென்றார்கள். இறுதியில் ஸ்வீடனிடம் 3–8 என்று தோற்று வெள்ளி பெற்றார்கள். அந்த மாதம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் துடைப்பம் எடுத்தவர் எவரும் யோங்-மியின் பெயர் சொல்லாமல் பெருக்கவில்லை. எங்கள் விடுதியில் தரை சுத்தமாக இருந்த ஒரே பிப்ரவரி அது. 'பூண்டுப் பெண்கள்' என்ற பெயரை அணியினர் அவ்வளவாக விரும்பவில்லை. 'டீம் கிம்' என்று சொல்வதே நல்லது.

ஜப்பானோடு மோதும்போது அறையில் இருப்பது ஆபத்தா?

ஆபத்து இல்லை, சத்தம் அதிகம். வரலாற்றுக் காரணங்களை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் இங்கே பார்த்தவற்றில் மறக்க முடியாத காட்சியும் ஜப்பானோடு மோதியதில்தான் வந்தது. 2018 பிப்ரவரி 18 அன்று கங்னுங் நகரில் பெண்கள் 500 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங். ஜப்பானின் நவோ கோடைரா 36.94 நொடியில் ஒலிம்பிக் சாதனையோடு ஓடி முடித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அடுத்து ஓட வேண்டியவர், முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற கொரியாவின் லீ சாங்-ஹ்வா. அவருக்கு இடையூறாகிவிடக் கூடாது என்று கோடைரா உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். லீ 37.33 நொடியில் வெள்ளி பெற்று அழுதபோது, அவரை அணைத்துக்கொண்டு 'ஜால்ஹேஸ்ஸோ', அதாவது 'நன்றாகச் செய்தாய்' என்று கொரிய மொழியிலேயே சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பெய்ஜிங்கில் கோடைரா பின்தங்கியபோது, தொலைக்காட்சி வர்ணனையாளராக அமர்ந்திருந்த லீ நேரலையிலேயே அழுதார். இதைச் சொல்லும்போது ஜப்பானை எதற்கும் புகழாத என் வீட்டு உரிமையாளர் அம்மையார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரசிகர்கள் எல்லை மீறியதும் உண்டா?

உண்டு, அதை மறைப்பதில் பயன் இல்லை. 2018இல் பெண்கள் 500 மீட்டர் இறுதியில் சோய் மின்-ஜியோங் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது, வெண்கலம் பெற்ற கனடாவின் கிம் பூட்டானுக்கு இணையத்தில் கொலை மிரட்டல்கள்வரை குவிந்தன. தீர்ப்பு வழங்கியது நடுவர். அந்தக் கனடா வீராங்கனை ஓடியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அதே ஒலிம்பிக்கில், மூவர் சேர்ந்து ஓடி, கடைசியாக வருபவரின் நேரமே கணக்காகும் பெண்கள் குழுத் துரத்தல் போட்டியில் உடன் ஓடிய தோழியைப் பின்னால் விட்டுவிட்டு முன்சென்ற இரு கொரிய வீராங்கனைகள்மீதே கோபம் திரும்பியது. அவர்களைத் தேசிய அணியிலிருந்து நீக்கக் கோரிய அதிபர் மாளிகை மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒகுல் என்ற உணர்வு தனக்கு நடந்த அநியாயத்தைக் கூர்மையாகப் பார்க்கும். தான் இன்னொருவருக்குச் செய்வதை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை. உங்கள் முன்னால் யாராவது கைபேசியில் அப்படி எழுதத் தொடங்கினால், பேச்சை மாற்றி இன்னொரு தட்டு வறுவலுக்குச் சொல்லுங்கள். நான் அறிந்தவரை பலன் தந்த வழி அதுதான்.

எந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

'தே–ஹன்–மின்–குக்' என்பது நாட்டின் பெயர். அதை நீட்டிச் சொல்லி மூன்று கைதட்டல், சற்று நிறுத்தி இரண்டு கைதட்டல். 2002 உலகக் கோப்பையில் வேரூன்றிய இந்தத் தாளம் கைவந்துவிட்டால் பாதி அரங்கத்துக்கு நீங்கள் உறவினர். 'பைட்டிங்' என்பது ஊக்கச் சொல். 'ஐகோ' என்பது நம்முடைய 'ஐயோ'. விழுந்தவருக்கும் தோற்றவருக்கும் கூட்டம் முழுவதும் சேர்ந்து 'கேன்ச்சனா, கேன்ச்சனா' என்று முழங்கும். பரவாயில்லை என்று பொருள். அளவு மீறிய நாட்டுப் பெருமையைக் கேலி செய்ய 'குக்போங்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது சிரியுங்கள், நீங்களாக எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

இந்தியாவுக்கு ஆதரவு கொடுக்க வாய்ப்பு இருக்குமா?

மிகக் குறைவு, ஆனால் உண்டு. இமயமலைச் சாலைகளில் சக்கரம் பூட்டிய வண்டியில் படுத்துப் பயிற்சி செய்த, லூஜ் என்னும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டி வீரர் சிவ கேசவன் 1998 முதல் ஆறு ஒலிம்பிக்கில் பங்கேற்றார். அவருடைய கடைசி ஒலிம்பிக் பியோங்சாங்கில்தான் நடந்தது. 2022இல் இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிஃப் கான். இவர்கள் தொலைக்காட்சியில் தோன்றும் ஒன்றிரண்டு நிமிடங்களில் நீங்கள் எழுந்து நின்று கத்தினால், கொரியர்கள் உங்களைவிட உரக்கக் கத்துவார்கள். தனி ஆளாக எதிர்த்து நிற்பவரைக் கண்டால் அவர்களுக்கு மனம் இளகிவிடும்.

எங்கே பார்ப்பது? சைவ உணவு கிடைக்குமா?

கோழி வறுவலும் பீரும் விற்கும் கடைகளில் பெரிய திரை இருக்கும். பெரிய போட்டி நாளில் ஒரு மணி நேரம் முன்பே போனால்தான் இடம் கிடைக்கும். கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் ஆகிய மூன்று அலைவரிசைகளும் ஒளிபரப்பும் ஆண்டுகளில் மூன்றிலும் ஒரே ஓட்டம்தான் ஓடும். எந்த வர்ணனையாளர் அழகாகக் கத்துகிறார் என்பதே தேர்வு. சைவர்களுக்கு வறுத்த உருளைக்கிழங்குதான் துணை. தொக்போக்கி அரிசியால் செய்தது என்று நம்பிவிட வேண்டாம்; அதன் குழம்பில் பெரும்பாலும் நெத்திலிச் சாறும் மீன் அடையும் இருக்கும்.

நேரில் பார்க்க முடியுமா?

ஒலிம்பிக் இல்லாத ஆண்டுகளிலும் முடியும். சியோலின் மோக்டோங் பனி அரங்கில் 2023 மார்ச்சில் ஷார்ட் டிராக் உலக வாகையர் போட்டி நடந்தது. உலகக் கோப்பைச் சுற்றுகளும் அங்கே நடந்திருக்கின்றன. அரங்குக்குள் எதிர்பார்ப்பதைவிடக் குளிரும். பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று நேரில் தெரியும்: தகடுகள் பனியை அறுக்கும் ஓசை. தேங்காய்த் துருவும் ஓசையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் கிடைப்பது போன்றது.

நானே பனியில் சறுக்கிப் பார்க்கலாமா?

பாருங்கள். சியோல் மாநகர மண்டபத்தின் முன்னால் குளிர்காலத்தில் அமைக்கும் திறந்தவெளித் தளத்தில், காலணி வாடகையோடு ஒரு மணி நேரத்துக்கு 1,000 வொன்தான் வாங்கி வந்தார்கள். அதைவிட மலிவாக எலும்பு முறித்துக்கொள்ள அந்த ஊரில் வேறு வழியில்லை. ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று போவதற்குள், 111 மீட்டரை ஒன்பது நொடிக்குள் கடப்பவர்கள் மனிதர்கள்தானா என்ற ஐயம் வந்துவிடும். முதல் நாள் நான் ஏழு முறை விழுந்தேன். ஏழாம் முறை, என்னைச் சுற்றிக்கொண்டு போன ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி திரும்பி வந்து, குனிந்து பார்த்து, 'கேன்ச்சனாயோ?' என்று கேட்டாள். 'கேன்ச்சனாயோ' என்றேன். சற்றுத் தள்ளி நின்றிருந்தவரை நோக்கி, 'அப்பா!' என்று கூப்பிட்டபடி அவள் போய்விட்டாள். நம் சொல்தான் அவர்களுக்கும்.